லிப்ட் மெக்கானிக் வீடு பார்த்த லட்சணம்

இந்த நகரத்தில் 'வாடகைக்கு' என்று அட்டை தொங்கிய வீடுகளில் எங்கள் லிப்ட் மெக்கானிக் காலடி வைக்காத வீடு ஒன்றுகூடக் கிடையாது. ஆயிரம் வாசல் ஏறி, ஆயிரம் குளியலறைக் குழாயைத் திருகிப் பார்த்து, ஆயிரம் வீட்டுக்காரர்களிடம் "நாங்க மூணே பேருதாங்க" என்று சொன்ன மனிதர் அவர். ஆயிரம் என்பது கொஞ்சம் கூடுதல்தான், ஒப்புக்கொள்கிறேன். பதினேழு. ஆனால் பன்னிரண்டு நாளில் பதினேழு வீட்டைப் பார்த்து, பதினேழிலிருந்தும் வெறுங்கையோடு திரும்பியவருக்கு அது ஆயிரமாகத்தான் வலித்தது. ஆகையால் இதில் பெரிய மோசடி ஒன்றும் இல்லை.

பழைய ஊரில் மொத்தமே பதினோரு லிப்ட். பதினைந்து வருஷமாக அந்தப் பதினொன்றையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். எது எந்த மாடியில் முனகும், எது மழைக்காலத்தில் கதவை மூட அடம்பிடிக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். இங்கே ஒரு பெரிய பராமரிப்புக் கம்பெனி, முந்நூற்றுச் சொச்சம் லிப்டுகளை வைத்துக்கொண்டு ஆள் தேடியது. சம்பளம் ஒன்றரை மடங்கு. சரியென்று சொல்லிவிட்டு வந்தபிறகுதான், வேலைக்கு ஆள் தேடுகிற ஊரெல்லாம் குடியிருக்க வீடு கொடுக்கிற ஊர் இல்லை என்பது அவருக்குத் தெரிந்தது.

வீடு கிடைக்கிறவரை இருந்துகொள்ளுங்கள் என்று கம்பெனி ஓர் அறையைக் கொடுத்திருந்தது. உதிரிப் பாகங்கள் வைக்கிற கோடவுனுக்கு மேலே, ஒற்றை ஜன்னல் அறை. ஜன்னலைத் திறந்தால் கீழே இரும்பு வடம் சுற்றிய உருளைகள், கிரீஸ் வாடை. அவருடைய மனைவி தையல்காரி. புதுத்துணி தைப்பவர் அல்ல. பேன்ட் உயரம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, இடுப்பு பெருத்தவர்களுக்குத் தையலைப் பிரித்துவிடுவது என்று இருக்கிற துணியைச் சரிபண்ணுகிறவர். அவருடைய மெஷின் பிரிக்காத அட்டைப்பெட்டிக்குள் கிடந்தது. அந்தப் பெட்டியின் மேல்தான் சாப்பாடு. அதன் மேல்தான் பதினொரு வயது மகளின் வீட்டுப்பாடம்.

வீட்டுப்பாடம் என்றா சொன்னேன்? பள்ளிக்கூடமே இன்னும் இல்லை, பாடம் எங்கிருந்து வரும். சும்மா பழசையே எழுதிக்கொண்டிருந்தாள். பிரச்சினையே அதுதான். அந்த வட்டாரத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் மிச்சமிருந்தது ஒரே ஓர் இடம். குடியிருக்கிற முகவரியோடு வாடகை ஒப்பந்தத்தை வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் கொண்டுவந்தால் இடம் உங்களுக்கு, இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்த பிள்ளைக்கு என்று அலுவலகத்து அம்மா சொல்லிவிட்டார். கோடவுன் முகவரியைக் காட்டிப் பார்த்தார் மெக்கானிக். குடும்பம் நடத்துகிற இடத்தின் முகவரி வேண்டும், கம்பெனி பெயர் போட்ட முகவரி செல்லாது என்று தாளைத் திருப்பி நீட்டிவிட்டார்கள். அடுத்த பள்ளி ஏழு கிலோமீட்டர், இரண்டு பஸ்.

வீடு காட்ட வந்த தரகருக்கு அம்மாவும் மகளும் சேர்ந்து வைத்த பெயர் 'ரெண்டு நிமிஷம்'. எந்த வீட்டைக் கேட்டாலும் பஸ் ஸ்டாப்பிலிருந்து ரெண்டு நிமிஷம் என்பார். நடந்தால் இருபது நிமிஷம் ஆகும். அவருடைய கைக்கடிகாரத்தில் நிமிஷத்துக்கு அறுநூறு விநாடி. போனில் அவர் அனுப்புகிற படங்களில் மைதானம் மாதிரி இருக்கும் கூடம், நேரில் போனால் மூன்று பேர் ஒரே நேரத்தில் மூச்சு விடமுடியாத அளவுக்குச் சுருங்கியிருக்கும். ஒரு வீட்டில் சமையலறைக் கதவைத் திறந்தால் குளியலறைக் கதவு மூடிக்கொண்டது. ஒரு வீட்டில் ஜன்னலைத் திறக்க முடிந்தது, அதற்கு அப்பால் அடுத்த வீட்டுச் சுவர் ஒரு சாண் தள்ளி நின்றது. காற்று வரும் என்றார் ரெண்டு நிமிஷம். எந்தப் பக்கமாக என்று தையல்காரி கேட்பதற்குள் அவர் வாசலுக்குப் போயிருந்தார்.

வீட்டுக்காரர்கள் இன்னொரு ரகம். ஒருவருக்குத் தையல் மெஷின் சத்தம் ஆகாது. ஒருவருக்குச் சுவரில் ஆணி அடிக்கிறவர்கள் ஆகாது. உங்களுக்கு விருந்தாளிகள் வருவார்களா என்று ஒருவர் கேட்டார். எப்போதாவது என்று மெக்கானிக் உண்மையைச் சொன்னார். எப்போதாவது என்றால் வருஷத்துக்கு எத்தனை தடவை, தங்குவார்களா, தலைக்குக் குளிப்பார்களா என்று கேட்டுக்கொண்டே போய், கடைசியில் நாலு நாளுக்கு முன்பே வேறொருவருக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது என்று முடித்தார். அதை முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரு மணி நேரம் மிச்சமாகியிருக்கும். பொழுதுபோகாதவர்களுக்கு வீடு காலியாக இருப்பது ஒரு வசதி.

ஆனால் பழியையெல்லாம் ஊர்மேல் போடுவதும் நியாயமில்லை. பதினேழில் ஐந்தாறு வீடு நல்ல வீடுதான். அவற்றைக் கெடுத்தது மெக்கானிக்கின் காது.

லிப்ட் உள்ள கட்டிடத்துக்குள் நுழைந்துவிட்டால் அவருக்கு வீடு மறந்துவிடும். மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை போய்ப் பார்க்காமல் இருக்கமாட்டார். பெட்டியின் சுவரில் காதை வைப்பார். லிப்ட் நின்றதும் குனிந்து, தரைக்கும் பெட்டிக்கும் நடுவே இருக்கிற மேடுபள்ளத்தை விரலால் அளப்பார். அளந்ததை மனசுக்குள் வைத்துக்கொண்டாலாவது பரவாயில்லை. வீட்டுக்காரர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தின் வெளிச்சத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, பிரேக் தேய்ந்துபோச்சே, கடைசியா யார் பாத்தாங்க என்று ஆரம்பித்துவிடுவார். பெண் பார்க்கப் போன இடத்தில் மாமனாரின் பல்லைப் பிடித்துப் பார்க்கிற மாதிரி. ஒன்பதாவது வீட்டுக்காரர் முகம் சிவந்துபோய், என் லிப்டைக் குறை சொல்ல உங்களை யார் கூப்பிட்டது என்று கேட்டார். பதினான்காவது வீட்டில் கதவே திறக்கவில்லை. அந்தத் தெரு முழுக்க விஷயம் பரவியிருந்தது.

பதினேழாவது வீட்டிலிருந்து பஸ்ஸில் திரும்பினார்கள். அறைக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் தையல்காரி கேட்டார்.

"என்னங்க, நாம குடியிருக்கப் போறது வீட்டுலயா, லிப்டுலயா?"

"ஆபத்துன்னு தெரிஞ்சும் சொல்லாம எப்படிம்மா இருக்கிறது."

"சொல்லுங்க. கையெழுத்துப் போட்டு, சாவி வாங்கி, பாலைக் காய்ச்சிக் குடிச்சிட்டுச் சொல்லுங்க. இனிமே வீடு பாக்கப் போனா நீங்க படியில ஏறிதான் வரணும். லிப்ட் பக்கம் கண்ணே போகக்கூடாது."

கையடித்துக் கொடுக்கச் சொன்னார். மெக்கானிக் கொடுத்தார்.

புதன்கிழமை மத்தியானம் பதினெட்டாவது வீடு. ஐந்து மாடிக் கட்டிடம், மூன்றாவது மாடி. மனைவியும் மகளும் தரகரோடு லிப்டில் போக, இவர் சொன்ன சொல் தவறாமல் தலையைக் குனிந்துகொண்டு படியேறினார். லிப்ட் இருக்கிற பக்கம் வரும்போதெல்லாம் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். எதிரே இறங்கி வந்த ஒருவர் இவரைக் கழுத்துப் பிடித்துக்கொண்ட நோயாளி என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டாராம்.

கட்டிடத்தின் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். தனி ஆள், தரைத்தளத்தில் குடியிருந்தார். விருந்தாளிகளைப் பற்றியும் ஆணியைப் பற்றியும் அவர் ஒன்றும் கேட்கவில்லை. பதிமூன்றாம் வாய்ப்பாடு கேட்டார், மகளிடம். அவள் பதிமூன்று பன்னிரண்டு நூற்றைம்பத்தாறு வரை ஒரே மூச்சில் ஒப்பித்து, அதோடு நிறுத்தாமல் பதினாலாம் வாய்ப்பாட்டுக்கும் தாவினாள். டீச்சர் அவள் தலையைத் தட்டிவிட்டு, வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வாங்க, அக்ரிமென்ட் தயாரா இருக்கும் என்றார். ஜன்னல் ஓரம் மெஷின் போட அளவெடுத்த மாதிரி இடம். வெளிச்சம் இடதுபக்கமிருந்து விழுந்தது, ஊசியில் நூல் கோக்க அதுதான் வாகு. தையல்காரி பன்னிரண்டு நாளில் முதல் தடவையாக ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே அறைக்குத் திரும்பினார்.

வியாழக்கிழமை காலை கம்பெனியில் அன்றைய வேலைச் சீட்டைக் கொடுத்தார்கள். லிப்ட் ஒவ்வொரு மாடியிலும் ஒரு அங்குலம் தள்ளி நிற்கிறதாம், புகார். முகவரியைப் பார்த்ததும் மெக்கானிக்குக் கால் தரையில் பாவவில்லை. டீச்சரின் கட்டிடம். சின்னக் கோளாறு, அரை மணியில் சரிசெய்து கொடுத்தால் வீட்டுக்காரம்மாவுக்கு நம்மேல் மதிப்பு கூடும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு போனார். டீச்சருக்கும் சந்தோஷம். நம்ம தம்பியே வந்திருக்காரே என்று மொட்டைமாடி மெஷின் அறைச் சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கூடவே ஏறியும் வந்தார்.

பிரேக்கைச் சரிபண்ணியாயிற்று. அத்தோடு பையை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். ஆனால் கிளம்புமுன் பழைய பருத்தித் துணி ஒன்றை எடுத்து லிப்டைத் தாங்குகிற இரும்பு வடங்கள்மேல் சுற்றிப் பிடித்துக்கொண்டு, பெட்டியை மெதுவாக நகர்த்திப் பார்ப்பது அவருடைய வழக்கம். வடத்தில் ஓர் இழை அறுந்திருந்தாலும் துணியில் மாட்டி நூலை இழுக்கும். கண்ணுக்குத் தப்பினாலும் துணிக்குத் தப்பாது. நாலு வடம். முதலாவது வழுக்கிக்கொண்டு போனது. இரண்டாவதில் துணி மாட்டியது. இரண்டு சாண் தள்ளி மறுபடியும். மூன்றாவது வடத்தில் ஓரிடத்தில் துணி கிழிந்தே போனது.

அறுந்த இழைகளை அவர் எண்ணிப் பார்த்தார். எண்ணியதைத் திரும்ப எண்ணினார். இரண்டாவது தடவை குறையும் என்று ஓர் ஆசை. குறையவில்லை.

நாலு வடத்தையும் மாற்ற வேண்டும், அதுவரை லிப்டைப் பூட்ட வேண்டும் என்றதும் டீச்சர் கேட்ட முதல் கேள்வி, எத்தனை நாள். மூன்று வாரமாவது ஆகும் என்றார். டீச்சர் அங்கேயிருந்த மரப்பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். ஐந்தாவது மாடி மூன்று மாதமாகக் காலி. சனிக்கிழமை ஒரு குடும்பம் வருகிறது, அவர்களுக்கு லிப்ட்தான் முதல் நிபந்தனை.

"தம்பி, இது எத்தனை நாளா இப்படி இருக்கோ. இவ்வளவு நாள் தாங்கினது திங்கக்கிழமை வரைக்கும் தாங்காதா?"

"தாங்கும்னுதான் நானும் நினைக்கிறேன் டீச்சர்."

"அப்புறம் என்ன. திங்கக்கிழமை நீங்களே வந்து பூட்டுங்க, நானே சாவி எடுத்துத் தரேன். நாளைக்குப் பத்து மணிக்கு உங்க அக்ரிமென்ட்டுல நான் கையெழுத்துப் போடறேன். மூணே நாள்."

அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை என்பது மெக்கானிக்குத் தெரியும். நாலு வடமும் ஒரே நேரத்தில் அறுந்துபோகாது என்பதும், அப்படியே போனாலும் பெட்டியைக் கவ்விப் பிடிக்க அடியில் ஓர் ஏற்பாடு உண்டு என்பதும் தெரியும். திங்கட்கிழமைவரை பொறுத்தால் வீடு, பள்ளிக்கூடம், இடதுபக்க வெளிச்சம் எல்லாம் கைக்கு வரும். இத்தனையும் தெரிந்துகொண்டே அவருடைய கை பைக்குள் போய்ப் பூட்டைத் தேடியது. தேடிய கைமேல் அவருக்கே கோபமாக வந்தது. நினைக்கிறதை நம்பி ஆளை ஏத்த முடியாது டீச்சர் என்று ஏதோ முனகிவிட்டு, மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டினார். 'பழுது, இயக்கக்கூடாது' என்ற அட்டையில் தேதியும் பெயரும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, தரைத்தள லிப்ட் கதவில் மாட்ட எடுத்துக்கொண்டார். நல்ல காரியம் செய்தால் மனசு லேசாகும் என்று யாரோ எழுதி வைத்திருக்கிறார்களே, அவர்கள் வாடகைக்கு வீடு தேடினதில்லை. அவருக்குக் கொள்ளையாக எரிச்சல்தான் வந்தது.

டீச்சர் எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டார். அப்ப நாளைக்கு வரவேண்டாம் என்று மட்டும் சொன்னார். ஐந்து மாடியையும் இருவரும் ஒன்றாகப் படி வழியாக இறங்கினார்கள்.

சாயங்காலம் அவர் விஷயத்தைச் சொன்னபோது தையல்காரி கையில் ஒரு பேன்ட்டை வைத்து ஓரம் மடித்துக்கொண்டிருந்தார். ஊசி நின்றது.

"லிப்டைப் பாக்காம வீட்டைப் பாருங்கன்னேன். வீட்டை முடிச்சிட்டு, திரும்பிப் போய் லிப்டைப் பாத்துட்டு வந்திருக்கீங்க."

"நானாப் போகலையே. கம்பெனி அனுப்புச்சு."

"நிஜமாவே அறுந்திருந்துதா?"

அவர் பையிலிருந்து கிழிந்த துணியை எடுத்துக் காட்டினார். துணியைப் பற்றி அந்தம்மாவுக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இழுபட்ட நூலையெல்லாம் விரலால் நீவிப் பார்த்தார். எவ்வளவு முரட்டுத்தனமான கம்பி கிழித்திருந்தால் பருத்தி இப்படிப் பிய்ந்துபோகும் என்பது அவருக்குப் புரிந்தது.

"பூட்டாம வந்திருந்தா இப்ப நான் என்ன சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியல" என்றார். "அதனால திட்டறதை மட்டும் திட்டிக்கறேன்." அரைமணி நேரம் திட்டினார். லிப்டைக் கண்டுபிடித்தவனில் ஆரம்பித்து, ரெண்டு நிமிஷத்தைத் தொட்டு, ஒன்றரை மடங்கு சம்பளத்தில் வந்து முடித்தார். மகள் பெட்டிமேல் தலையை வைத்துக்கொண்டு, அப்ப அந்த ஏழு கிலோமீட்டர் பள்ளிக்கூடத்துக்கு எந்த பஸ் என்று கேட்டாள்.

வெள்ளிக்கிழமை அரைநாள் விடுப்பு. ரெண்டு நிமிஷம் காலையிலேயே இரண்டு இடம் காட்டினார். ஒன்றில் சமையலறையே இல்லை. வெளியில் சாப்பிட்டுக்கொள்ளலாம், பக்கத்திலேயே கடை, ரெண்டு நிமிஷம் என்றார். இன்னொன்றில் எல்லாம் சரி, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவேண்டிய மகன் வெளியூரில் இருந்தான், வர ஒரு வாரம். பன்னிரண்டரைக்கு மூவரும் ஒரு பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தபோது டீச்சரிடமிருந்து போன். மூன்று பேரும் உடனே வரவேண்டும்.

பூட்டைத் திறக்கச் சொல்லத்தான் கூப்பிடுகிறார், நான் வரவில்லை என்றார் மெக்கானிக். திறக்க முடியாதுன்னு நேர்ல வந்து சொல்லுங்க, உங்களுக்குத்தான் அது நல்லா வருமே என்று தையல்காரி அவரைக் கிளப்பினார்.

டீச்சர் பூட்டைப் பற்றிப் பேசவே இல்லை. சனிக்கிழமை ஐந்தாவது மாடிக்கு வரவிருந்த குடும்பம் ஒருநாள் முன்னதாகவே, காலையில் வந்து அட்டையைப் பார்த்ததாம். படிகளை அண்ணாந்து பார்த்ததாம். மூன்றாவது மாடி காலியாமே, அதைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டதாம். ஆக மூன்றாவது போயிற்று, ஐந்தாவது மறுபடியும் காலி. காலையிலிருந்து போன் செய்த ஆறு பேரும் லிப்ட் ஓடுகிறதா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்கள்.

"அது எப்ப ஓடும்னு தெரிஞ்ச ஆள் நீங்க ஒருத்தர்தான் தம்பி. உண்மையைச் சொல்லுங்க, எத்தனை நாள்?"

ஒரு வாரம் என்று சொல்லித் தொலைங்களேன் என்பதுபோல் தையல்காரி அவர் முழங்கையைக் கிள்ளினார். "மூணு வாரம்" என்றார் மெக்கானிக். "வடம் வர்றதைப் பொறுத்து நாலும் ஆகலாம்."

டீச்சர் பேனாவின் மூடியைக் கழற்றினார். "ஒரு வாரம்னு சொல்லியிருந்தா உங்களை அனுப்பிச்சிருப்பேன்" என்று சொல்லிவிட்டு, மூன்றாவது மாடி என்று தட்டச்சு செய்திருந்த ஒப்பந்தத்தில் மூன்றை அடித்து ஐந்து என்று எழுதி, பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டார்.

பள்ளி அலுவலகத்துக்குள் அவர்கள் ஓடி நுழைந்தபோது மணி மூன்று ஐம்பது. அந்த அம்மா அடித்துத் திருத்திய இடத்தைத் துருவித் துருவிப் பார்த்தார். ஐந்தாவது மாடியா, லிப்ட் இருக்கா என்று ஒரு ஆர்வத்தில் கேட்டார். இருக்கு என்றார் தையல்காரி. ஓடுகிறதா என்று அவர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. மகளின் பெயர் ஆறாம் வகுப்புப் பதிவேட்டில் ஏறியது.

சனிக்கிழமை வண்டியில் சாமான் வந்தது. சுமைதூக்க வந்த இருவரும் கட்டிலையும் அலமாரியையும் பாத்திர மூட்டைகளையும் கீழே இறக்கி வைத்துவிட்டு அட்டையைப் பார்த்தார்கள். எந்தப் புண்ணியவான் இதைப் பூட்டினானோ என்றார் பெரியவர். மகள் அட்டைக்குப் பக்கத்தில் போய்ப் பெயரை வாசிக்கப் போனாள். அம்மா அவள் வாயைப் பொத்தினார். ஐந்து மாடி ஏற்றுவது பேச்சில் இல்லை என்று அவர்கள் கட்டிலையும் அலமாரியையும் மட்டும் ஏற்றிக் கொடுத்துவிட்டு வண்டியோடு போய்விட்டார்கள். மிச்சத்தைக் குடும்பமே சுமந்தது. தன் கையால் நிறுத்திய லிப்டின் கதவை மாடிக்கு ஒரு தடவை பார்த்துக்கொண்டே மெக்கானிக் இருபத்திரண்டு நடை ஏறி இறங்கினார். எதிரே மூன்றாவது மாடிக்காரர்கள், இவர்களுக்கு வந்திருக்கவேண்டிய வீட்டுக்குள் அலுங்காமல் குலுங்காமல் குடிபுகுந்துகொண்டிருந்தார்கள். எல்லாம் முடிந்து பார்த்தால் குளிர்சாதனப் பெட்டி ஒன்று மட்டும் வாசலில் நின்றது. தோளில் ஒரு கயிற்றைப் போட்டு அதை முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, ஒருவர் உதவியும் இல்லாமல், ஓரிடத்திலும் நிற்காமல், ஐந்து மாடியையும் ஒரே மூச்சில் ஏறி அதைச் சமையலறையில் இறக்கிவைத்துவிட்டுத்தான் அந்த மனிதர் தண்ணீர் குடித்தார்.

இதுவரை நான் எழுதியதைப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டே வந்த மகள், இந்த இடத்தில் பேனாவைப் பிடித்து நிறுத்திவிட்டாள்.

"அப்பா தனியாத் தூக்கல. அம்மாவும் நானும் கீழேயிருந்து முட்டுக் குடுத்தோம். அஞ்சாவது மாடிக்கும் போகல. மூணாவது மாடி திருப்பத்துல இறக்கி வெச்சவர் இனிமே முடியாதுன்னு படியிலயே படுத்துட்டார். லிப்ட் ஓடற வரைக்கும், இருபத்தாறு நாள், அது அங்கேயேதான் நின்னுச்சு. டீச்சர் ஒயர் இழுத்துக் குடுத்தாங்க. பால் எடுக்க தினமும் ரெண்டு மாடி இறங்கினது நான்."